இத்தாலி வராது

யூலை 6, சனிக்கிழமை, பின்னேரம் 3.10

கொட்டிலுக்குள் 63 பேர். வெளியே நான் ஒருவன், கழுதை ஐந்து. மன்னார் டவுனில் நிழலுக்கு முதல் உரிமை கழுதைக்குத்தான். அவை நிழலில் நிற்கின்றன, நான் வெயிலில்.

உள்ளே சூசைதாசன் சேர் மைக்கில் பிரான்சியப் புரட்சியைக் கத்துகிறார். அந்தத் தொண்டைக்கு மைக் வாங்கிக் கொடுத்தவனை முதலில் பிடிக்க வேண்டும். தகரக் கூரை. ஃபான் இரண்டு, ஒன்று ஓடவில்லை. கப்பாசிற்றர் போயிருக்கிறது, வெளியே நின்றே தெரிகிறது. பத்து நிமிச வேலை. அத்தனை பேரும் அவிந்துகொண்டு இருக்கிறார்கள், ஒருவருக்கும் எழும்பிப் பார்க்கத் தோன்றவில்லை. இவர்கள் புரட்சி படிக்கிறார்களாம்.

நான் ஏன் இங்கே நிற்கிறேன் என்பதை எழுதி வைக்கிறேன். தங்கச்சி யூடித் இந்த வருஷம் உயர்தரப் பரீட்சை எழுதுகிறாள், கலைப் பிரிவு. அவளுடைய பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பித்த மிஸ் மாற்றலாகிப் போய்விட்டார், பதிலுக்கு ஆள் இல்லை. ஆகவே பதினான்கு கிலோமீற்றர் தள்ளி இந்த ரியூசன் கொட்டில். அம்மாவின் சட்டம் இது: "அண்ணன் ஏத்திக்கொண்டு போய் ஏத்திக்கொண்டு வந்தாப் போ. இல்லையெண்டா வீட்டில இருந்து படி." அப்பா கட்டாரில் கிறேன் ஓட்டுகிறார். போனில் அவரும் அதையே சொன்னார். பஸ்ஸில் போனால் என்ன என்று யூடித் கேட்டாள். அம்மா மீனை வெட்டிக்கொண்டே இருந்தார்.

ஆகவே தொழில்நுட்பக் கல்லூரியில் குளிரூட்டல் படித்து, ஐஸ் கொம்பனியில் கொம்பிரசர் பார்க்கிற நான், என்னுடைய லீவு நாட்களில் ஒரு பெட்டைக்கு வாச்சராக நிற்கிறேன்.

யூலை 7, ஞாயிறு

சேர் இடைவேளையில் வெளியே வந்தார். "தம்பி, நீ ஆற்றை ஆள்?"

"யூடித்தின்ர அண்ணன், டெரன்ஸ்."

"வெளியில நிண்டு ஏன் கருவாடாகிறாய்? உள்ள வந்து இரு. எனக்கு ஒண்டும் தரவேண்டாம்."

போனேன். முதலில் ஃபானைத் திருத்தினேன். பெட்டைகள் கை தட்டினார்கள். யூடித் தட்டவில்லை, தலையைக் குனிந்துகொண்டாள். கடைசி வாங்கில் இருந்தேன்.

பிரான்சியப் புரட்சிக்குக் காரணம் ஆறாம். சேர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல எல்லாரும் எழுதினார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு மெசின் நின்றால் ஆறு காரணத்தால் நிற்காது. ஒன்று முதலில் போகும், மற்றது அதன் பின்னால் போகும். கை உயர்த்திக் கேட்டேன்: "சேர், இந்த ஆறில முதல் போனது எது?"

சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆறையும் எழுதினா முழுப் புள்ளி, தம்பி. எது முதல் எண்டு ஆரும் கேக்கிறேல்லை." கொட்டில் முழுக்கச் சிரிப்பு.

திரும்பி வரும்போது பாலத்தில் காற்று. யூடித் பின்னால் இருந்து கத்தினாள். "இனி வாய் திறக்காதை. என்ர மானம் போகுது."

"நான் கேட்டது பிழையோ?"

"பிழையில்லை. அதான் இன்னும் கேவலம்."

வீட்டுக்கு வந்தும் கேட்டேன். அப்படியானால் எது முதல்? அவள் சட்டியைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "பசி எப்பவும் இருந்ததுதானே. அரசன் கூட்டம் கூட்டினவுடனதான் எல்லாரும் ஒரே இடத்துக்கு வந்து ஒருத்தரை ஒருத்தர் பாத்தவை. அதுதான் முதல்." சேர் சொல்லாதது. எங்கேயிருந்து எடுத்தாள் என்று தெரியவில்லை.

யூலை 14, ஞாயிறு

உயர்தரத்துக்கு நானும் விண்ணப்பம் போட்டேன். தனிப்பட்ட பரீட்சார்த்தி. வரலாறு, அரசியல் விஞ்ஞானம், தகவல் தொழில்நுட்பம். பல்கலைக்கழகக் கம்பஸுக்கு மூன்று தரம்தான் எழுதலாம். தொழில்நுட்பப் பிரிவில் இரண்டு தரம் போய்விட்டது, இரண்டும் கணக்கில் கவிழ்ந்தது. இது கடைசி. வாழ்நாள் முழுக்க அமோனியா மணத்தோடு ஐஸ் கட்டி எண்ணிக்கொண்டு நான் இருக்கப் போவதில்லை.

அம்மா சந்தோஷப்பட்டார். "ரெண்டு பேரும் ஒண்டாப் போய் ஒண்டா வருவியள்." அம்மாவுக்கு எப்போதும் போக்குவரத்துத்தான் கவலை.

யூடித் மட்டும் விண்ணப்பத்தை வாங்கிப் பாடங்களைப் பார்த்தாள். பிறகு: "மாவட்டத்துக்குக் கம்பஸில இவ்வளவு இடம் எண்டு இருக்கு, தெரியும்தானே?"

"தெரியும்."

"அப்ப நீயும் நானும் ஒரே வரிசையில."

"வரிசை நீளம்," என்றேன்.

"நீளம்தான்," என்றாள்.

ஓகஸ்ட் 4, ஞாயிறு

இன்று முதலாம் உலகப் போர். முதல் தடவையாக ஒரு வகுப்பில் எனக்குத் தூக்கம் வரவில்லை. ஜேர்மனிக்காரன் பெல்ஜியத்துக்குள்ளால் பிரான்சுக்குப் போக ரயில் நேர அட்டவணை போட்டு வைத்திருக்கிறான். எந்தப் பாலத்தை எந்த ரயில் எத்தனை மணிக்குக் கடக்க வேண்டும், எந்தப் பெட்டியில் எத்தனை குதிரை. ஒரு பாலத்தில் பத்து நிமிசத்துக்கொரு ரயில் போயிருக்கிறது. கடைசி நேரத்தில் அரசன், "மேற்கே வேண்டாம், எல்லாத்தையும் கிழக்கே திருப்பு" என்கிறான். தளபதி முடியாது என்கிறான். அட்டவணை போட்டாயிற்று. அவன்தான் ஆள்.

வரும் வழியில் இதையெல்லாம் யூடித்துக்குச் சொன்னேன், அவளும் அதே வகுப்பில் இருந்தாள் என்பதை மறந்து.

"அந்த அட்டவணையில பெல்ஜியத்துச் சனத்தை எந்தப் பெட்டியில போட்டவன்?" என்று கேட்டாள்.

"சனம் அட்டவணைக்குள்ள வராது."

"அதான் கேட்டனான்."

இவளோடு பேசினால் எதிலும் ஒரு ஆணியைக் கழற்றிவிட்டுத்தான் போவாள்.

ஓகஸ்ட் 25, ஞாயிறு

கிணற்று மோட்டரின் வாசர் மாற்றினேன். சேர் இத்தாலி ஐக்கியத்தைத் தொடங்கினார். சனி வகுப்பு நின்றுவிட்டது, இனி ஞாயிறு மட்டும்; நான்கு ஞாயிறு போகுமாம். அறுபது வயது மனுசன், இத்தாலியைப் பற்றிப் பேசும்போது மட்டும் மைக்கைக் கீழே வைத்துவிடுகிறார். தெரிந்திருந்தால் வருஷம் முழுக்க இத்தாலியே படிப்பிக்கச் சொல்லியிருப்பேன்.

யூடித்துக்கு விசர் பிடித்துவிட்டது. இரவுச் சாப்பாட்டில் அம்மாவுக்குக் கதை சொல்கிறாள்: கரிபால்டி என்று ஒருவன், ஆயிரம் பேரோடு கப்பலில் போய் அரைவாசி நாட்டைப் பிடித்தான், பிடித்ததையெல்லாம் அரசனிடம் கொடுத்துவிட்டு விதை மூட்டையோடு தீவுக்குப் போய்விட்டான்.

"அங்க என்ன செய்தவன்?" அம்மா கேட்டார்.

"தோட்டம்."

"நல்ல பொடியன்," என்றார் அம்மா, கரிபால்டியைத் தெரிந்தவர்போல.

நான் சொன்னேன், கையில் இருந்ததைக் கொடுத்தவன் மொக்கன். யூடித் சிரித்தாள். "நீ குடுத்துப் பார்த்திருந்தா தெரியும்."

செப்டெம்பர் 1, ஞாயிறு

இன்றைக்கு இத்தாலி இல்லை, மாதிரிப் பரீட்சை முடிவு. பிரான்சியப் புரட்சியும் நெப்போலியனும். யூடித் 84. நான் 51.

சேர் அவளுடைய விடையை வாசித்துக் காட்டினார். பசி எப்போதும் இருந்தது, கூட்டம் கூட்டியதுதான் முதல் என்று எழுதியிருக்கிறாள். என்னுடைய கேள்வி அது. கேட்டபோது சிரித்தவர்கள், அவள் எழுதினால் கை தட்டுகிறார்கள். புள்ளி போடுவதற்கு ஒரு அளவுகோல் வேண்டும். வேர்னியர் அளவி இல்லாமல் இரும்புத் தண்டை அளக்கிற கடைச்சல்காரனை எவன் வேலைக்கு வைத்திருப்பான்? சேரிடம் போய்க் கேட்டேன். "தம்பி, உன்ர விடையில எல்லாம் இருக்கு. ஆக்கள் இல்லை," என்றார். என்ன அளவு அது?

யூடித்தின் சிநேகிதி றிஸ்னா, எருக்கலம்பிட்டிப் பிள்ளை, பஸ்ஸில் தனியாக வந்து போகிறவள், வழியில் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "அண்ணா, யூடித் கட்டாயம் போவாள், என்ன? நம்மட பெட்ச்சில அவள்தான்."

"ஓம்," என்றேன்.

செப்டெம்பர் 3, செவ்வாய்

என் விடைத்தாளின் புள்ளிகளைக் கூட்டிப் பார்த்தேன். 51 சரிதான்.

செப்டெம்பர் 5, வியாழன்

கொம்பனியில் இரண்டாம் கொம்பிரசர் நின்றுவிட்டது. மனேஜர் வந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார், முகத்தில் ஐஸ் உறையும் என்பதுபோல. பியறிங். ஒன்றரை வருஷத்துக்கு ஒருமுறை போகும், போன தரமும் அப்படித்தான். சொல்லி வைத்தேன், யாரும் வாங்கி வைக்கவில்லை.

பியறிங் மாற்றும்போதுதான் தோன்றியது. கேள்வித்தாளும் இப்படித்தான் ஓடும்.

செப்டெம்பர் 7, சனி

பன்னிரண்டு வருஷக் கேள்வித்தாள்களை எடுத்து எக்செல்லில் ஏற்றினேன். எந்த அலகு, எந்த வருஷம், என்ன இடைவெளி. இவ்வளவு காலமும் ஒருவனும் இதைச் செய்யவில்லை. ருசியப் புரட்சி இரண்டு வருஷமாக வரவில்லை, கட்டாயம் வரும். வேர்சேய் உடன்படிக்கை வரும். ஹிட்லர் வரும். வியன்னா மாநாடும் முதலாம் போரின் காரணங்களும் பெரும்பாலும் வரும். ஆக ஐந்து. எழுத வேண்டியது நான்கு.

இத்தாலி போன வருஷம் வந்தது, அதற்கு முந்தைய வருஷமும் வந்தது. மூன்றாம் தரம் தொடர்ந்து வந்த அலகு பன்னிரண்டு வருஷத்தில் ஒன்றுகூட இல்லை. இத்தாலி வராது. 92 சதவீதம்.

சேரின் வீட்டுக்குப் போய்ப் போனில் திறந்து காட்டினேன். மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். "நல்ல வடிவா நிறம் அடிச்சிருக்கிறாய். ஆனா தம்பி, பேப்பர் போடுறவன் மெசினில்லை. வீட்டில மனுசியோட சண்டை பிடிச்சுப்போட்டு வந்தும் போடுவான்." படித்த மனுசன் கதைக்கிற கதையா இது?

செப்டெம்பர் 8, ஞாயிறு

வகுப்புக்குப் போகவில்லை. இன்றைக்கு இத்தாலி, அடுத்த இரண்டு ஞாயிறும் இத்தாலி. வராத அலகுக்கு மூன்று ஞாயிறு, போக வர எண்பத்து நான்கு கிலோமீற்றர். அந்த நேரத்தில் ருசியப் புரட்சியை இரண்டு தரம் முடிக்கலாம். யூடித்துக்கு நேர அட்டவணை போட்டுக் கொடுத்தேன்.

உடுத்து வெளிக்கிட்டு வாசலில் நின்றாள். "விசர்க்கதை கதையாதை. எடு பைக்கை."

"இத்தாலி வராது."

"மூண்டு நாள் மழை பெய்தா நாலாம் நாள் பெய்யாதோ?"

"மழைக்கும் இதுக்கும் என்ன?"

"எனக்கு இத்தாலி விருப்பம், அண்ணா."

"விருப்பத்துக்குப் புள்ளி இல்லை. கம்பஸுக்குப் போய் விரும்பு."

அம்மாவைக் கூப்பிட்டாள். அம்மா அட்டவணையைப் பார்த்தார், அதில் நிறங்களைப் பார்த்தார். "அண்ணன் இவ்வளவு பாடுபட்டுச் செய்திருக்கிறான். கேளன்." றிஸ்னாவோடு பஸ்ஸில் போகிறேன் என்றாள். அம்மா, "அந்தக் கதை வேண்டாம்" என்றார். சாவி என் பொக்கற்றில் இருந்தது. நான் ஒன்றும் பறிக்கவில்லை, அது எப்போதும் அங்கேதான் இருக்கும்.

உடுப்பை மாற்றிக்கொண்டு வந்து ருசியாவைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தாள். அவளுக்கு இது முதல் தரம். இன்னும் இரண்டு தரம் இருக்கிறது. அதையும் மறக்கக்கூடாது.

செப்டெம்பர் 15, ஞாயிறு

காலையில் சேர் போன் எடுத்தார், மைக் கரகரக்கிறதாம், வந்து பார்க்க முடியுமா என்று. போனேன். மைக் திருத்தத்தான் போனேன். வயர் முறிந்திருந்தது, ஈயம் வைத்து ஒட்டினேன். வந்தது வந்தாயிற்று, கடைசி வாங்கில் இருந்தேன். கவூர் என்கிற மந்திரி, பிரான்சோடு போட்ட இரகசிய ஒப்பந்தம், வடக்கு எப்படிச் சேர்ந்தது. சேர் அன்றைக்கு மைக்கைத் தொடவே இல்லை. பிறகு எனக்கேன் போன் எடுத்தார்?

அச்சடித்த பாடக் குறிப்பு, ரியூட், கொடுத்தார்கள். ஒன்றுதான் எடுத்தேன்.

"யூடித் எங்க அண்ணா?" றிஸ்னா கேட்டாள்.

"தடிமன், தும்மல்."

வீட்டில் யூடித் கேட்டாள், சேர் இன்றைக்கு எதுவரைக்கும் போனார் என்று. நான் மைக் திருத்தினேன், கவனிக்கவில்லை என்றேன். சொன்னால் குழம்புவாள். அட்டவணை குழம்பும்.

செப்டெம்பர் 22, ஞாயிறு

சேரின் அம்பிளிஃபையரும் பிழை. போய்ப் பார்த்தேன். இத்தாலி முடிந்தது.

ஒக்டோபர் 2, புதன்

கொம்பிரசர் அறையில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இத்தாலி ரியூட்டை இரண்டாம் தரம் படித்தேன். என் கணக்கில் 92 சதவீதம். மிச்சம் எட்டு இருக்கிறது. எந்தத் தொழிற்சாலையிலும் எட்டு சதவீத ஆபத்துக்கு ஒரு ஆள் காவல் நிற்பான். அது நானாக இருக்கட்டும். இரண்டு பேரும் நிற்கத் தேவையில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், கவூர் மூளைக்காரன்.

ஒக்டோபர் 20, ஞாயிறு

யூடித் ருசியப் புரட்சியை மனப்பாடம் செய்கிறாள். ஆறு காரணம், ஆறு விளைவு, ஒன்றுகூடப் பிசகாமல் ஒப்பிக்கிறாள். முன்பெல்லாம் இடையில் நின்று எதையாவது கேட்பாள். இப்போது கேட்பதில்லை. நல்லது, நேரம் மிச்சம். சேர் இரண்டாம் மாதிரிப் பரீட்சை வைத்தார். அவள் 66, நான் 68. சேர் என்னைத் தட்டிக் கொடுத்தார், அவளைப் பார்த்து, "என்ன பிள்ளை, ஆக்கள் எங்க போட்டினம்?" என்றார். அவள் எந்த ஆட்கள் என்று கேட்கவில்லை.

வரும் வழியில் மெதுவாகச் சொன்னாள். "றிஸ்னாட்ட இத்தாலி ரியூட் இருக்காம். ஒரு கிழமைக்குத் தாறன் எண்டவள். ஒருக்கா வாசிச்சா மனம் ஆறும்."

"அட்டவணையில இடமில்லை."

"நித்திரை நேரத்தில வாசிக்கிறன்."

"அடுத்த நாள் வேர்சேயில நித்திரை கொள்ளுவாய். வேண்டாம்."

"ஒரே ஒருக்கா, அண்ணா."

"அப்ப இனி நீயே தனியா வகுப்புக்குப் போய் வா."

என் தோளில் இருந்த கையை எடுத்து, பாலம் முடியும்வரை பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பாலம் நீளம். எனக்குக் கோபம் வந்தது. இவளுக்காக எவ்வளவு மினக்கெட்டேன், ஒரு நன்றி இல்லை. உம்மென்று இருக்கிறவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஓட்டுவது, சாக்கு மூட்டையை ஏற்றிக்கொண்டு ஓட்டுவதைவிடப் பாரம்.

நவம்பர் 17, ஞாயிறு

அம்மா இரண்டு பேருக்கும் மடு மாதா கோயிலில் நேர்த்தி வைத்திருக்கிறார். ஒரு மெழுகுதிரியில் இரண்டு பெயர். பைக் செயினுக்கு எண்ணெய் விட்டேன், டயர் காற்றுப் பார்த்தேன்.

நவம்பர் 26, செவ்வாய்

வந்தது.

ஐரோப்பியப் பகுதியில் நான் சொன்ன ஐந்தில் மூன்று வந்தது. ருசியா, வேர்சேய், ஹிட்லர். நான்காவது எழுதுவதற்கு மிச்சமிருந்தவற்றில் தெரிந்தது ஒன்றுதான்: "இத்தாலிய ஐக்கியத்தில் கவூரின் இராஜதந்திரப் பங்களிப்பை மதிப்பிடுக." கேள்வியைப் படித்தவுடன் முதலில் எனக்கு என்ன தோன்றியது என்பதை எழுதப்போவதில்லை. பேனையை எடுத்தேன், நான்கரைப் பக்கம் எழுதினேன், நேரம் மிஞ்சியது.

தனிப்பட்டவர்களுக்கு வேறு நிலையம். முடித்துக்கொண்டு யூடித்தின் நிலையத்து வாசலுக்குப் போனேன். அவளும் றிஸ்னாவும் மதிலோரம் நின்றார்கள். யூடித்தின் முகம் வெளுத்திருந்தது. நான் பிளானோடு போயிருந்தேன், என்ன சொல்வதென்று: நானூறு பேரில் முந்நூறு பேர் இத்தாலியைக் கோட்டை விட்டிருப்பார்கள், மூன்று கேள்வி வந்ததே பெரிது, கணக்கு அவ்வளவு பிழையில்லை.

சொல்ல விடவில்லை. றிஸ்னா துள்ளிக்கொண்டு வந்தாள். நல்ல பிள்ளை, மனதில் ஒன்றுமில்லாதவள். "அண்ணா, உங்களுக்குப் பேப்பர் சுகம்! அண்டைக்கு நீங்க வந்திருந்த வகுப்புதானே, அப்படியே கவூர்! நான் பேப்பரைப் பார்த்தவுடன நினைச்சன், டெரன்ஸ் அண்ணா அடிச்சிருப்பார் எண்டு."

யூடித் என்னைப் பார்த்தாள். "எந்த வகுப்பு?"

"அந்த மைக் திருத்த வந்தாரே, அண்டைக்கு. அடுத்த ஞாயிறும் வந்தவர்தானே?" றிஸ்னா என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டாள். பஸ் வருகிறது என்று சொல்லிப் போய்விட்டாள். பஸ் வரவில்லை.

யூடித் பைக்கில் ஏறினாள். பாலத்துக்கு முன்னால் உள்ள பஸ் ஹோல்டில், "நிப்பாட்டு" என்றாள். நிறுத்தினேன். இறங்கினாள்.

"எழுதினியோ?"

"என்ன?"

"கவூர். எழுதினியோ இல்லையோ?"

"எழுதினன்."

"எத்தினை பக்கம்?"

ஏன் உண்மையைச் சொன்னேன் என்று தெரியவில்லை. "நாலரை."

தலையாட்டினாள். ஒரு விலை கேட்டு, சரி என்று ஒத்துக்கொண்டவள்போல. "நான் எழுதினது நாலு வரி. அது கரிபால்டியைப் பற்றி. கேள்வியில அவனில்லை." பிறகு, "நீ போ. நான் பஸ்ஸில வாறன்."

"அம்மா பேசுவா. ஏறு."

"போ எண்டனான்."

சனம் பார்த்தது. பஸ் வந்தது, ஏறினாள். நான் என்ன செய்ய? பின்னால் போனேன். பாலம் முழுக்க, பிறகு மெயின் ரோட் முழுக்க, ஒவ்வொரு ஹோல்டிலும் நின்று நின்று. கொண்டக்டர் பின் கதவில் தொங்கிக்கொண்டு சத்தம் போட்டான்: "தம்பி, பின்னால வாறதுக்கும் டிக்கெட் இருக்கு!" பஸ்ஸே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. யூடித் திரும்பவில்லை.

நவம்பர் 26, இரவு

அம்மா கேட்டார், ஏன் பஸ்ஸில் வந்தாய் என்று. யூடித் சொன்னாள், இனி பஸ்ஸில்தான் போவேன் என்று. அம்மா குரலை உயர்த்தினார். அப்பாவுக்குப் போன் போனது. அப்பா என்னைக் கேட்டார், "என்னடா நடந்தது?" நான் "ஒண்டுமில்லை, பேப்பர் கஷ்டம், அதான்" என்றேன். யூடித் கதவோரம் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். காட்டிக் கொடுப்பாள் என்று பார்த்தேன். கொடுக்கவில்லை. போய்ப் படுத்துவிட்டாள். காட்டிக் கொடுத்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன், பன்னிரண்டு வருஷ அட்டவணை இருக்கிறது என்னிடம்.

எல்லாரிலும் கோபம் வருகிறது. பேப்பர் போட்டவனில், மைக் கரகரத்ததில், வாயை வைத்துக்கொண்டு இருக்காத றிஸ்னாவில். தங்கச்சியை ஒரு பஸ்ஸில் ஏற்றப் பயப்பட்டு, அந்தப் பயத்தை என் கையில் சாவியாகத் தந்த அம்மாவில்.

எட்டு சதவீதம் என்று நானே எழுதியிருக்கிறேன். எட்டுக்குக் காவல் நின்றேன் என்று எழுதியிருக்கிறேன். காவல் நின்றவன் அபாயச் சங்கை ஊத வேண்டும். நான் என் சாமானை மட்டும் வெளியே எடுத்து வைத்தேன். 84 எடுத்தவள் அவள். அது எனக்கு அன்றைக்கும் தெரியும்.

நவம்பர் 27, புதன், பின்னேரம்

நாளை அரசியல் விஞ்ஞானம். யூடித் கிணற்றடியில் சீருடை தோய்த்துக்கொண்டிருந்தாள். போய் நின்றேன்.

"நான் மிச்சப் பேப்பர் எழுதேல்லை," என்றேன். "ஒரு ஆள் குறையும் உனக்கு."

சவர்க்காரக் கையோடு நிமிர்ந்தாள். அவளை இவ்வளவு கோபத்தோடு நான் பார்த்ததில்லை. "அப்ப அதையும் எனக்காகத்தான் செய்தன் எண்டு காலம் முழுக்கச் சொல்லுவியோ? நான் போகாட்டி உன்னால. நான் போனா அதுவும் உன்னாலயோ? போய் எழுது. ஒழுங்கா எழுது. நீ நாலரைப் பக்கம் எழுதினது எனக்குப் பிரச்சினையில்லை."

"அப்ப என்னதான் பிரச்சினை?"

"நான் அண்டைக்கு உடுத்து வெளிக்கிட்டு வாசல்ல நிண்டனான், அண்ணா. பஸ் எங்கட ஒழுங்கை முனையால போனது. காலுக்குக் கிட்ட. நான் ஏறேல்லை, ஏனெண்டா உன்னட்டக் கேட்டுக்கொண்டு நிண்டனான்."

வாளியை அவள் பக்கம் தள்ளி வைத்தேன்.

சட்டையைப் பிழிந்து கொடியில் போட்டாள். "உன்ர பைக்கில நான் ஏறமாட்டன். பஸ்ஸில அம்மா விடமாட்டா. அப்ப நாளைக்கு நான் வீட்டில. அரசியலும் போகும். விருப்பமெண்டா அப்படியே விடு, வரிசை இன்னும் குறையும். இல்லையெண்டா அம்மாட்ட நீ சொல்லு. நான் சொன்னா வாய்க்காட்டல். நீ சொன்னா சட்டம். அதான் இந்த வீடு."

"என்னெண்டு சொல்ல?"

"நடந்ததைச் சொல்லு. உனக்குத்தான் எது முதல் போனது எண்டு வரிசையாச் சொல்ல வருமே."

வாளியைக் கவிழ்த்துவிட்டு உள்ளே போனாள்.

அம்மா கோயிலுக்குப் போய் இன்னும் வரவில்லை. ஒன்பதாம் நாள் செபம் என்று பக்கத்து வீட்டுக்காரருடன் போனவர், பேச்சு முடித்து வரப் பிந்தும். வந்தவுடன் சொன்னால் யூடித் நித்திரை கொள்ளாத அளவுக்குச் சத்தம் வரும். ஆகவே காலையில். செய்ய வேண்டியவை:

1. ஐந்தரைக்கு எழும்பிக் குசினிக்குப் போவது. அம்மா தேத்தண்ணி ஊற்றும்போது சொல்வது: யூடித் இன்றைக்குப் பஸ்ஸில் போகிறாள். இன்றைக்கு மட்டும் இல்லை.

2. அம்மா ஏன் என்று கேட்பார். செப்டெம்பர் 8இல் தொடங்கி மைக், அம்பிளிஃபையர், தடிமன் எல்லாவற்றையும் சொல்வது. சதவீதம் ஒன்றும் சொல்லக்கூடாது.

3. அம்மா "அவளுக்கு இன்னும் ரெண்டு தரம் இருக்குத்தானே" என்று எனக்காகப் பேசத் தொடங்குவார். அந்த இடத்தில் அம்மாவை நிறுத்துவது.

4. அப்பா போன் எடுத்தால் நானே வாங்கி அவருக்கும் முதலிலிருந்து சொல்வது. நேற்றுச் சொன்னது பொய் என்பதையும்.

5. யூடித்திடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வாசலில் நின்று அவளைப் பிந்த வைக்காமல் இருப்பது. பரீட்சை முடியட்டும்.

6. என் நிலையத்துக்குப் போய் என் பேப்பரை எழுதுவது.

7. ஆறே முக்கால் பஸ் பாலத்தைக் கடக்கிற நேரம் வரைக்கும் மோட்டார் சைக்கிள் சாவியை அம்மாவிடம் கொடுத்து வைப்பது. பஸ்ஸுக்குப் பின்னால் போக நான் கேட்டாலும் தரவேண்டாம் என்று சொல்வது.